பிளக்கைப் பிடுங்கியாச்சு

1. ஐப்பசி மாதம், மதியச் சாப்பாடு முடிந்த நேரம். ஹீலியத்தில் குளிர்ந்து கிடந்த கம்பியின் கேட் வோல்டேஜை அக்கா மெல்ல மெல்ல ஏற்றினாள். மின்னோட்டம் சரிவாக ஏறாமல் மாடிப்படி போலப் படி படியாக ஏறியது. அதைப் பார்ப்பதற்காகத்தான் அவள் இத்தனை வருடம் அந்த அறையில் இருந்தாள்.
2. யாரையும் கூப்பிடவில்லை. அதே வோல்டேஜை அதே வேகத்தில் இறக்கத் தொடங்கினாள்.
3. பாதி இறங்கியபோது கிழக்கே மலைப்பக்கம் இடித்தது.
4. அவளுடைய அம்மா போன் செய்தார்.
5. அக்கா கையை நீட்டிப் பக்கத்திலிருந்த பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கினாள்.
6. "பிடுங்கியாச்சும்மா" என்று போனில் சொன்னாள்.
7. கம்பி செத்துப்போனது.

ஐந்தாவதைப் பற்றி எல்லோரும் பேசினார்கள். ஆறாவதைப் பற்றி யாரும் பேசவில்லை. அக்காவைத் தெரிந்தவர்களுக்கு அது ஐந்துக்குப் பிறகு வருவதுதான் முக்கியம். மற்றவர்களாக இருந்தால் ஆறு மட்டும் நடந்திருக்கும். கம்பி பிழைத்திருக்கும்.

திருவனந்தபுரத்துக்கு வெளியே இருக்கும் அந்த ஆராய்ச்சி நிலையத்தில் நான் எஞ்சினியர். இண்டியம் ஆர்சனைடு என்ற குறைகடத்தியில் வளர்த்த கம்பிகள் எங்களிடம் வரும். தலைமுடியின் பருமனை ஆயிரமாக வகுத்தால் வரும் பருமன். சிலிக்கான் சில்லின் மேல் தூவி, நல்லதாக ஒன்றைத் தேடிப் பிடித்து, இரண்டு முனையிலும் உலோகத் தொடுப்பு போடுவது என் வேலை. அதில் எலக்ட்ரான்கள் எப்படிப் போகின்றன என்று அளப்பது அக்காவின் வேலை. அவள் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்தவள். என்னைவிடச் சில வயது மூத்தவள். கிழக்கேகோட்டையில் கோயிலை ஒட்டிய அக்கிரகாரத் தெருவில் அம்மாவோடு இருந்தாள். நான் நாஞ்சில் நாட்டுக் குடும்பம். மலையாளம் மட்டுமே கேட்கும் அந்தக் கட்டடத்தில் நாங்கள் இருவரும் தமிழில் பேசிக்கொள்வோம். அவள் தமிழும் என் தமிழும் ஒன்றில்லை என்பது வேறு விஷயம்.

சாதாரணக் கம்பியில் எலக்ட்ரான்கள் முட்டி மோதிக்கொண்டுதான் போகும். எங்கள் கம்பியில் தொடுப்புகளுக்கு நடுவே இருக்கும் நீளம் மிகக் குறைவு; கடுங்குளிரில் அதற்குள் முட்டுவதற்கு அநேகமாக எதுவும் இருக்காது. அப்படியும் தடை பூஜ்யமாவதில்லை. ஏன் என்று எங்கள் கணக்குப் பிரிவு ஊழியர் ஒருவர் கேன்டீனில் ஒரு நாள் கேட்டார். ஹீலியத்துக்கு இவ்வளவு செலவு செய்கிறார்களே என்ற ஆதங்கத்தில் கேட்டது.

அக்கா டம்ளரைக் கீழே வைத்தாள். "கிழக்கேகோட்டையிலே சாயங்காலம் பஸ் ஏறியிருக்கேளா? உள்ளே பின்னாடி காத்தாட நிக்கலாம். படியிலதான் உயிர் போறது. தடை எல்லாம் வாசல்லதான்."

"அப்போ வாசலைப் பெரிசாக்கிக்கூடே?" என்று பாதி மலையாளத்தில் கேட்டார் அவர்.

"அதுக்குத்தான் இவ சம்பளம் வாங்கறா" என்று என்னைக் காட்டினாள்.

கம்பிக்குள் எலக்ட்ரான்களுக்கு என்று சில பாதைகள்தான் உண்டு. கம்பிக்கு அடியில் இருக்கும் தகட்டுக்குக் கொடுப்பதுதான் கேட் வோல்டேஜ். அதை ஏற்ற ஏற்ற ஒரு பாதை திறக்கும், பிறகு இன்னொன்று. ஒவ்வொரு பாதையும் ஒரே அளவு மின்னோட்டத்தைத்தான் விடும். அதனால் படி. ஆனால் கம்பியின் மேல்தோலில் ஒட்டிக்கொள்ளும் உதிரி மின்னூட்டங்களும் படி மாதிரி வேஷம் போடும். அவற்றைக் கண்டுபிடிக்க ஒரு எளிய வழி, ஏறியது போலவே இறங்கிப் பார்ப்பது. உண்மையான பாதை என்றால் போகும்போதும் வரும்போதும் படி ஒரே இடத்தில் இருக்கும். வேஷம் என்றால் இடம் மாறும்.

இது எல்லோருக்கும் தெரிந்த சோதனை. எல்லோரும் செய்வார்கள். ஆனால் அக்கா அதைக் கம்பியோடு நிறுத்திக்கொள்ளவில்லை. மாணவர்கள் அவளுக்கு வைத்த பெயர் ரிட்டர்ன் சேச்சி. சேச்சி என்றால் மலையாளத்தில் அக்கா.

ஒரு முறை அவளைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளைக்கு ஐ.டி. கம்பெனியில் வேலை. மறுநாள் அக்கா என்னிடம் சொன்ன விதத்திலேயே சொல்கிறேன்.

"வந்து உக்காந்ததும் அவரே சொன்னார்டீ. கல்யாணத்துக்கப்புறமும் ரிசர்ச்சைத் தொடரலாம், நோ ப்ராப்ளம்னார். நன்னாத்தான் இருந்தது."

"பெறகு என்னக்கா?"

"கிளம்பறச்சே வாசல்ல ஷூ போட்டுண்டிருந்தார். அப்போ மறுபடி கேட்டேன். தொடரலாம் அல்லே, அப்படின்னு. அதை அம்மாகிட்டே ஆலோசிச்சுட்டுச் சொல்றேன்னார்."

"ஷூ போடும்போது யாரானாலும் அப்பிடித்தான் சொல்லுவாங்க."

"அதனாலதான் அப்போ கேட்டேன்" என்றாள். "போறச்சே ஒண்ணு, வரச்சே ஒண்ணு."

அந்தச் சம்பந்தம் நின்றுபோனது. அவளுடைய அம்மா என்னிடம் போனில், "வாசல் வரைக்கும் போய் ஒருத்தரைப் பரீட்சை பண்ணுவாளோடி யாராவது?" என்று வருத்தப்பட்டார். நான் சமாதானம் சொன்னேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை.

அவளோடு இருப்பது களைப்பு தரும். இதையும் சொல்ல வேண்டும். லேபில் எல்லோருமாகப் பொன்முடிக்கு ஒரு வேன் பிடித்துப் போனோம். போகும் வழியில் விதுராச் சந்தைக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்தினோம். அங்கே டீக்கடை வைத்திருந்த அம்மா, கண்ணாடிப் பெட்டியிலிருந்த பழம்பொரியை, நேந்திரம்பழ பஜ்ஜியை, காட்டினார். எங்களுக்கு அவசரம். "திரும்பி வரச்சே சாப்பிடறோம் சேச்சி" என்று அக்கா சொல்லிவிட்டு ஏறினாள். யாரும் சொல்வதுதான். மாலையில் மழையோடு வளைவு வளைவாக இறங்கி வந்தோம். இரண்டு பேர் வாந்தி எடுத்திருந்தார்கள். மற்றவர்கள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். விதுரா வந்ததும் அக்கா டிரைவரின் தோளைத் தட்டினாள்.

"சேச்சி, மழயாணு" என்றார் டிரைவர்.

"வரேன்னு சொல்லியிருக்கு. நிறுத்துங்கோ."

கடையில் பாதி ஷட்டர் இறங்கியிருந்தது. உள்ளே போனவள் ஆறிப்போன பழம்பொரி ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டு நனைந்து வந்தாள். கடைக்காரம்மாவுக்கு அவளை அடையாளமே தெரியவில்லையாம். வேனில் யாரும் அதைத் தின்னவில்லை. அவளும் எங்களைத் தின்னச் சொல்லவில்லை. மடியில் வைத்துக்கொண்டு கிழக்கேகோட்டை வரை வந்தாள்.

இனி கெட்டில் கதை. பல வருடங்களுக்கு முன்னால் ஐப்பசியில் வரும் துலாவர்ஷ மழையின்போது ஒரு மாலையில், ஆன்டெனா கேபிள் வழியாக மின்னல் இறங்கி அவர்கள் வீட்டு டிவியை எரித்துவிட்டது. அன்றிலிருந்து இடிச் சத்தம் கேட்டால் அவளுடைய அம்மா வீட்டிலுள்ள எல்லா பிளக்கையும் பிடுங்கிவிடுவார். இந்த ஊரில் பல வீடுகளில் அப்படித்தான். எங்கள் வீட்டிலும் மிக்ஸியையும் மோடத்தையும் பிடுங்கி வைப்போம். ஆனால் மாமி (அக்காவின் அம்மாவை நான் அப்படித்தான் கூப்பிடுவேன்) வீட்டோடு நிற்க மாட்டார். மகளுக்குப் போன் செய்வார். "இடிக்கறது கேட்டியோ? அங்கே பிளக்கைப் பிடுங்கினியோ?"

பிடுங்கியாச்சு என்று சொன்னால் போதும். மாமி வைத்துவிடுவார். யார் வந்து பார்க்கப் போகிறார்கள்? ஆனால் அக்காவால் முடியாது. போனைக் காதில் வைத்தபடியே எங்கள் அறையின் மூலைக்குப் போய், டீ போடும் கெட்டிலின் பிளக்கைப் பிடுங்குவாள். பிறகுதான் சொல்வாள். பேசி முடித்ததும் மறுபடி மாட்டுவாள். ஐப்பசி, கார்த்திகையில் மதியத்துக்கு மேல் எங்களுக்கு டீ தாமதமாகும்.

"சும்மா சொல்லப்பிடாதாக்கா? மாமிக்குத் தெரியவா போவுது?"

"தெரியாதுடீ. அவளுக்குத் தெரிய வேண்டாம். நான் சொன்னதுக்குக் கீழே ஏதாவது இருக்கணும், அவ்வளவுதான். ஒரு கெட்டிலாவது."

நாங்கள் சிரிப்போம். அவளும் சிரிப்பாள்.

அந்த மதியம் அவள் அளவீட்டு அறையில் இருந்தாள். அங்கே கெட்டில் இல்லை. கையெட்டும் தூரத்தில் இருந்தது ஒரே பிளக். கம்பிக்கு வோல்டேஜ் கொடுக்கும் கருவியின் பிளக். மாமியின் குரல் கேட்டதும் பழக்கத்தில் கை அதற்குப் போய்விட்டது. அந்தக் கருவிகளை அணைக்க ஒரு முறை உண்டு. முதலில் வோல்டேஜை மெல்லப் பூஜ்யத்துக்குக் கொண்டுவர வேண்டும். பிறகு கம்பியின் எல்லா முனைகளையும் தரையோடு இணைக்கும் சுவிட்சைப் போட வேண்டும். அதற்குப் பிறகே கருவியைத் தொடலாம். நடுவில் சட்டென்று மின்சாரம் நின்றால் ஓர் உதறல் வரும். நமக்கு அது தெரியாது. அந்தப் பருமனில் இருக்கும் கம்பிக்கு அதுவே மின்னல். இந்த முறையைத் தாளில் எழுதிக் கதவில் ஒட்டியவள் அக்காதான்.

சத்தம் எதுவும் கேட்கவில்லை. திரையில் கோடு கீழே விழுந்திருந்தது. நான் உள்ளே போனபோது பிளக் அவள் கையிலேயே இருந்தது.

"நான் பிடுங்கிட்டேன்டீ" என்றாள்.

பிறகு முறைப்படி எல்லாவற்றையும் சரிசெய்து, கம்பியை மறுபடி அளந்தாள். ஏற்றிப் பார்த்தாள், இறக்கிப் பார்த்தாள். இரண்டிலும் ஒன்றுமில்லை. "செத்தது மட்டும் போறச்சேயும் வரச்சேயும் ஒரே மாதிரி இருக்கு" என்றாள். அவள் அழவில்லை. சில நாள் கழித்து எலக்ட்ரான் நுண்ணோக்கியில் நான் பார்த்தேன். கம்பி நடுவில் உருகி அறுந்து, இரண்டு முனையிலும் சின்ன உருண்டையாகத் திரண்டிருந்தது.

அந்தத் தொகுதியில் தொடுப்பு சரியாக விழுந்தது அது ஒன்றுதான். ஹீலியம் மறுபடி எங்கள் முறைக்கு வர அடுத்த வருடமாகும். அக்காவின் பதிவு அதற்கு முன்பே, நடப்பு வருடத்தோடு முடிகிறது. ஒரு கட்டுரையாவது வெளியாகாமல் பட்டத்துக்கு ஆய்வேட்டைக் கொடுக்க முடியாது என்பது விதி. கையில் இருந்தது ஏறும்போது எடுத்த முழுக்கோடு, இறங்கும்போது எடுத்த பாதிக்கோடு. அந்தப் பாதியில் படிகள் ஒத்துத்தான் வந்தன. ஆனால் முக்கியமான முதல் படி, மீதிப் பாதியில் இருந்தது.

அவளுடைய வழிகாட்டிப் பேராசிரியர் நல்ல மனிதர். ஓய்வு பெறும் வயதை நெருங்கியவர். மலையாளி, எங்களிடம் பாதித் தமிழில் பேசுவார். படத்தைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"ஃபார்வேர்டு மதி. அதை மட்டும் போடு. ஆரும் சோதிக்கில்ல" என்றார். ஏறும்போது எடுத்த கோடு போதும், யாரும் கேட்க மாட்டார்கள் என்கிறார்.

"நான் கேப்பேன், சார்."

"செரி. பாதி ரிட்டர்னும் போடு. மின்னல் காரணமா அளவு நின்னுபோச்சுன்னு ஒரு வரி எழுது. துலாவர்ஷத்துல மின்னல் இல்லைன்னு எவன் பறயும்?"

"மின்னல் அடிச்சது சார். ஆனா கம்பியை அடிக்கலை. நான்தான் பிளக்கைப் பிடுங்கினேன்."

அவள் எழுதிக் கொண்டுவந்த வரி இது: அளப்பவர் கருவியின் மின்செருகியைச் சுவரிலிருந்து உருவியதால் இறங்குமுக அளவீடு பாதியில் நின்றது, கம்பி அழிந்தது. ஆங்கிலத்தில் அது இன்னும் மொட்டையாக இருந்தது.

சார் இரண்டு முறை படித்தார். "இதை வாசிச்சா சிரிக்கும் எல்லாரும். அம்மா விளிச்சதுக்கு ஒருத்தி லேப்ல பிளக்கைப் பிடுங்கினாளாம்."

"அம்மா கூப்பிட்டான்னு எழுதலையே சார். பிளக் மட்டும்தானே எழுதியிருக்கேன்."

அவர் சிரித்துவிட்டார். கையெழுத்துப் போடவில்லை. அது இல்லாமல் கட்டுரையை வெளியே அனுப்ப முடியாது. பாதுகாப்புக் குழு கேள்வி கேட்கும், அடுத்த நிதி விண்ணப்பத்தில் இது நிற்கும் என்றார். அதுவும் பொய்யில்லை.

எனக்கும் அந்தக் கட்டுரை வேண்டியிருந்தது. தொடுப்பு போட்டவள் என்று இரண்டாவது பெயர் என்னுடையது. கேன்டீனில் அக்காவிடம் பேசினேன்.

"மின் தடங்கல் காரணமாகன்னு போடுங்கக்கா. பிளக்கப் பிடுங்குனாலும் தடங்கல்தானே. பொய்யும் இல்ல."

அவள் உடனே மறுக்கவில்லை.

"பொய் இல்லைதான். ஆனா படிக்கறவாளுக்கு என்ன தோணும்? கரண்ட் போச்சுன்னு தோணும். அவா ஒரு யூபிஎஸ் வாங்கி வெச்சுப்பா. நமக்கு அந்தச் சுவர்லயே யூபிஎஸ் லைன் இருந்ததே, என்ன ஆச்சு? பிளக்கைப் பிடுங்கப்படாதுன்னு அவாளுக்கு யார் சொல்லுவா? எத்தனை லேப்ல எத்தனை பொண்ணுக்கு அம்மா இருக்கா."

"அப்பம் பட்டம் வேண்டாமா உங்களுக்கு?"

"வேணும்டீ. ரொம்ப வேணும்" என்றாள். அதை அவள் ஒரு முறைதான் சொன்னாள். நான் திருப்பிக் கேட்கவில்லை.

பதிவு முடிந்தது. அவள் மேஜையைக் காலி செய்த அன்று கெட்டிலை எங்களுக்கு விட்டுப் போனாள். அது அவளுடையது என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

இப்போது அவள் விதுராவில் ஒரு தனியார் பள்ளியில் ப்ளஸ் டூ மாணவர்களுக்கு இயற்பியல் எடுக்கிறாள். தினமும் கிழக்கேகோட்டையிலிருந்து பஸ். பொன்முடி எஸ்டேட்டிலிருந்து வரும் பிள்ளைகள் சிலர் தமிழில் கேள்வி கேட்பார்களாம். ஒரு கணக்கை மேலிருந்து கீழே போட்டவர்கள், விடையிலிருந்து திரும்பி மேலே போய்க் காட்டினால்தான் மதிப்பெண் என்று வைத்திருக்கிறாள். பெற்றோர் சங்கத்தில் ஒரு புகார் வந்திருக்கிறது.

அவள் போன பிறகு அளவீட்டையும் நானே செய்ய வேண்டியதாயிற்று. புது ஆள் எடுக்கவில்லை. போன முறை ஹீலியம் வந்தபோது, புதிய தொகுதியில் ஒரு கம்பியில் படிகள் தெரிந்தன. இறக்கிப் பார்த்தேன். முதல் படி உட்பட எல்லாம் அதே இடத்தில் இருந்தன. சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். எனக்கு முதுகு வலித்தது. வெளியே வந்து அக்காவுக்குப் போன் செய்தேன்.

"ஒத்து வருதுக்கா. போறதும் வாறதும். நீங்க பாத்தது நெசமான பாதைதான்."

"ரொம்ப சந்தோஷம்டீ" என்றாள். பஸ் இரைச்சல் கேட்டது. "ஆனா அது உன் கம்பி. உன் கம்பி சொன்னது நன்னா இருக்கு. என் கம்பி என்ன சொல்ல இருந்ததுன்னு இன்னும் யாருக்கும் தெரியாதே."

இரண்டு கம்பியையும் சேர்த்து ஒரே கட்டுரையாக எழுதினேன். அவள் பெயர் முதலில். கட்டுரை வந்தால் அவளுடைய பதிவைப் புதுப்பிக்க விதியில் இடம் இருக்கிறது, அலுவலகத்தில் கேட்டுவிட்டேன். புதிய கம்பி ஒத்துவந்த பிறகு, பழையதற்கு ஏறுமுகக் கோடு மட்டுமே போதும், எந்த விளக்கமும் தேவையில்லை என்றார் சார். அக்காவிடம் சொன்னேன். அந்த வரி இல்லாவிட்டால் என் கம்பியையும் எடுத்துவிடு, கூடவே என் பெயரையும் எடுத்துவிடு என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அடுத்த பீரியடுக்கு மணி அடித்தது, வைத்துவிட்டாள்.

வரியை வைத்தே சாரிடம் கொடுத்தேன். "நீயுமா?" என்றார். "அவ எழுதின வரி சார். நான் தொடல்ல" என்றேன்.

பள்ளியில் வகுப்பு நேரத்தில் போன் எடுக்கக் கூடாது. அதனால் மாமி இப்போது எனக்குப் போன் செய்கிறார். இன்று மதியம் கிழக்கே இடித்தது. கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது.

"இடிக்கறது, கேட்டியோ குழந்தே? பிளக்கைப் பிடுங்கினியோ?"

"பிடுங்கியாச்சு மாமி" என்றேன். நான் எழுந்திருக்கவில்லை. மூலையில் கெட்டில் கொதித்துக்கொண்டிருந்தது. மாமி நிம்மதியாக வைத்துவிட்டார்.

கட்டுரை சாரின் மேஜையில் இருக்கிறது. அந்த வரி அதில் இருக்கிறது. கையெழுத்து இன்னும் விழவில்லை.